சிக்னல் முழுசா இருக்கு... ஏன் சுத்திக்கிட்டே இருக்கு? கல்வராயன் மலையும் கரும்பு லாரிக் கணக்கும்!

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அருகே ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். ப்ளஸ் டூ முடித்த மகள், சாதிச் சான்றிதழை போனில் படம் எடுத்து ஏற்றிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது என்பதால், ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கும் பாறைமீது உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அம்மா.

“போயிடுச்சாடி?”

“இல்லம்மா, எண்பது பர்சென்ட்டுலயே நிக்குது.”

“சிக்னல் இல்லையா?”

“நாலு கோடும் இருக்கும்மா... ஆனா சுத்திக்கிட்டே இருக்கு!”

மலையில் வசிப்பவர்களுக்கு மட்டுமல்ல, சின்னசேலம் ரயிலில் போகிறவர்களுக்கும், சென்னையில் லிஃப்ட்டுக்குள் நிற்கிறவர்களுக்கும் பழக்கமான காட்சி இது. கோடுகள் நிற்கின்றன, வட்டம் சுற்றுகிறது. ‘நெட்வொர்க் மோசம்’ என்று ஒரே வார்த்தையில் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால், அந்த வட்டம் சுற்றுவதற்குப் பின்னால் ஒரு தவறான தீர்ப்பு இருக்கிறது. வழியில் காணாமல் போனதை, ‘கூட்டத்தில் சிக்கிக்கொண்டது’ என்று இணையம் தப்பாகப் புரிந்துகொள்கிறது. அதனால், ஏற்கெனவே சிரமப்படும் இணைப்பின் வேகத்தை மேலும் குறைத்துவிடுகிறது.

அது எப்படி? பதில் மலையடிவாரத்திலேயே இருக்கிறது.

ஆலை வாசலில் ஒரு பாடம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் வழியில் வரும் ஊர் கச்சிராயபாளையம். கோமுகி அணைக்குப் பக்கம். கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது இங்கேதான். கரும்பு விவசாயிகளுக்கு ‘வெட்டு உத்தரவு’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. கரும்பு முற்றிவிட்டது என்பதற்காக எல்லோரும் ஒரே நாளில் வெட்டி ஏற்றிவிட முடியாது. ஆலை ஒரு நாளைக்கு எவ்வளவு அரைக்க முடியுமோ, அதைக் கணக்கிட்டுத்தான் இன்னாருக்கு இன்ன தேதி என்று உத்தரவு வரும்.

அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் என்ன ஆகும்? டிராக்டரும் லாரியும் எடைமேடைக்கு முன்னால் வரிசை கட்டும். கரும்பு வெயிலில் காயும், எடை குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். வண்டிகள் நிறைய வந்திருக்கும். ஆனால், உருப்படியாக அரைபட்டது கொஞ்சமாக இருக்கும்.

இணையத்திலும் இதேதான். நீங்கள் அனுப்பும் புகைப்படம் ஒரே மூட்டையாகப் போவதில்லை. சுமார் 1,500 பைட் அளவுள்ள சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. பெயரே ‘பாக்கெட்’தான். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததும், எதிர்முனையிலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்று ஒரு ரசீது திரும்பி வரும். எந்த பாக்கெட்டுக்கு ரசீது வரவில்லையோ, அதைத் திரும்ப அனுப்ப வேண்டும். இந்த வேலையைக் கவனிக்கும் விதிமுறைக்குப் பெயர் டி.சி.பி. வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் தொடங்கியது. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுவதும் இந்த முறைக்கு மாறியது.

இணையம் ஸ்தம்பித்த 1986

ஆரம்ப கால டி.சி.பி-யில் ‘வெட்டு உத்தரவு’ போன்ற ஏற்பாடு சரியாக இல்லை. இப்படியே போனால் நெரிசலில் எல்லாம் நின்றுவிடும் என்று 1984-லேயே ஜான் நேகிள் எழுத்தில் எச்சரித்திருந்தார். 1986 அக்டோபரில் அது நடந்தேவிட்டது.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே தூரம் சுமார் 400 கஜம்தான். நடந்தால் ஐந்து நிமிடம். அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. அதாவது, நொடிக்கு 5 ஆங்கில எழுத்து. கையால் எழுதி எடுத்துப்போய்க் கொடுத்திருந்தால் அதைவிட வேகமாகச் சேர்ந்திருக்கும்.

காரணம்? ரசீது தாமதமானதும், ‘தொலைந்துவிட்டது போல’ என்று ஒவ்வொரு கணினியும் அதே பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பியது. ஏற்கெனவே நிரம்பிய பாதையில் இன்னும் கூட்டம். கூட்டத்தால் இன்னும் தாமதம். தாமதத்தால் இன்னும் மறு அனுப்பல். எல்லா வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எதுவும் ஊர் போய்ச் சேரவில்லை.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் வேன் ஜேக்கப்சன். மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முறை, 1988-ல் வெளியானது. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்:

முதலில் கொஞ்சமாக அனுப்பு. ரசீது ஒழுங்காக வந்தால் இரட்டிப்பாக்கு. ஓரளவுக்கு மேல் போனதும், ஒவ்வொன்றாக மட்டும் கூட்டு. ஒரு பாக்கெட் தொலைந்தால், பாதையில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைப் பாதியாகக் குறை. பிறகு மறுபடி மெள்ள ஏறு.

யாரும் மேலே உட்கார்ந்து உத்தரவு போடாமலேயே, கோடிக்கணக்கான கருவிகள் தாங்களாகவே விட்டுக்கொடுத்துப் போகும் ஏற்பாடு இது. இணையம் இன்றைக்கும் நிற்காமல் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மலை ஏறியதும் பிசகும் கணக்கு

இந்த ஏற்பாட்டில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: ‘பாக்கெட் தொலைந்தால், காரணம் நெரிசல்தான்.’ அந்தக் காலத்தில் அது நியாயமான அனுமானமே. தரைக்கடியில் ஓடும் கம்பியில், பாக்கெட் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். ஜேக்கப்சனும் இதைச் சொல்லித்தான் முறையை வகுத்தார்.

ஆனால், மலை மேல் கதை வேறு. 2,000 அடிக்கு மேல் எழும் கல்வராயன் மலையில், டவருக்கும் போனுக்கும் நடுவே ஒரு முகடு வரலாம், மழை வரலாம், கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பலாம். பாக்கெட் தொலைகிறது. நெரிசலால் அல்ல, சிக்னல் தடுமாறியதால்.

கரும்புக் கணக்கிலேயே சொன்னால், மலையிலிருந்து வரவேண்டிய வண்டி வந்து சேரவில்லை. வழியில் டயர் பஞ்சர். ஆனால் விஷயம் தெரியாமல், ‘ஆலை வாசலில் கூட்டம் போல’ என்று நினைத்து, அடுத்த நாள் வண்டிகளைப் பாதியாகக் குறைத்தால் எப்படி இருக்கும்? வாசல் காலியாகக் கிடக்கும், கரும்பு வயலில் நிற்கும். உண்மையில் செய்ய வேண்டியது, போன வண்டிக்குப் பதில் உடனே இன்னொன்றை அனுப்புவது.

இதன் விலை எவ்வளவு? பழைய டி.சி.பி-யின் வேகத்தைக் கணக்கிட 1997-ல் வெளியான ஒரு சூத்திரம் இருக்கிறது. பாக்கெட் போய் ரசீது திரும்ப 100 மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டு அதில் போட்டுப் பார்த்தால் விவரம் புரியும். 10,000 பாக்கெட்டில் ஒன்று தொலைந்தால் நொடிக்குச் சுமார் 14 மெகாபிட் கிடைக்கும். 100-ல் ஒன்று தொலைந்தால் சுமார் 1.4 மெகாபிட். 100-ல் 4 தொலைந்தால் சுமார் 0.7. பாதை 50 மெகாபிட் தாங்கும் என்றாலும் கதை இதுதான். பாதை அகலமாகக் காலியாகத்தான் இருக்கும்; அனுப்புகிறவர்தான் பயந்து பயந்து அனுப்பிக்கொண்டிருப்பார்.

சிக்னல் வந்த பிறகும் காத்திருப்பது ஏன்?

மலைப்பாதைப் பயணிகள் கவனித்திருக்கக்கூடிய இன்னொரு விஷயம். வளைவு தாண்டி சிக்னல் திரும்ப வந்துவிடும். ஆனால், பக்கம் மட்டும் திறக்காது.

ரசீது எதுவுமே வராமல் போனால், டி.சி.பி சிறிது நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பிப் பார்க்கும். அப்போதும் பதில் இல்லையென்றால், காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும். முதல் காத்திருப்பு 1 நொடி என்றால், அடுத்தது 2, பிறகு 4, 8, 16. அதாவது, 1-வது, 3-வது, 7-வது, 15-வது, 31-வது நொடிகளில் முயற்சி நடக்கும்.

சிக்னல் 20 நொடி போய்விட்டு வந்தது என்று வையுங்கள். 15-வது நொடி முயற்சி வீணாகியிருக்கும். அடுத்த முயற்சி 31-ல்தான். நடுவில் 11 நொடி, நாலு கோடும் நின்றபடி, எதுவும் நடக்காது. அதன் பிறகும் பழைய வேகத்தில் தொடங்காது. ஆரம்பத்திலிருந்து மெள்ள மெள்ள ஏறும். ஏறி முடிப்பதற்குள் அடுத்த வளைவு.

பாறைமேல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் எண்பது பர்சென்ட் ரகசியம் இதுவாக இருக்கலாம்.

சென்னை ஐ.ஐ.டி-யிலிருந்து போனவர்

இந்தத் தப்பெண்ணத்தைச் சரிசெய்யப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஹரி பாலகிருஷ்ணன். 1993-ல் சென்னை ஐ.ஐ.டி-யில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர். அவருடைய தந்தை வி.பாலகிருஷ்ணன், அதே ஐ.ஐ.டி-யில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர்.

ஹரி மேற்படிப்புக்குப் போன இடம், 1986-ல் இணையம் ஸ்தம்பித்த அதே பெர்க்லி. அங்கே 1995-ல் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர் முன்வைத்த முறைக்கு ‘ஸ்னூப்’ என்று பெயர். யோசனை எளிமையானது. பாக்கெட் கம்பி வழியாக டவர் வரை நல்லபடியாக வந்துவிடுகிறது. தொலைவது, டவருக்கும் கருவிக்கும் நடுவில் உள்ள கடைசித் துண்டில்தான். அப்படியென்றால், டவர் பக்கத்திலேயே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் என்ன? தொலைந்தால் அங்கிருந்தே உடனே மறுபடி அனுப்பிவிடலாம். தொலைந்த செய்தி, தூரத்தில் இருக்கும் சர்வருக்குப் போகவே வேண்டாம். அது பயந்துபோய் வேகத்தைக் குறைக்கவும் வேண்டாம்.

மலைப்பாதையில் பஞ்சரான வண்டிக்கு, அடிவாரத்திலேயே மாற்று வண்டி வைத்திருப்பது போல.

கம்பியில்லாப் பாதைகளில் நம்பகமாகத் தகவல் அனுப்புவது குறித்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு, ஏ.சி.எம் அமைப்பின் 1998-ம் ஆண்டு சிறந்த ஆய்வேட்டு விருது கிடைத்தது. இப்போது எம்.ஐ.டி பேராசிரியராக இருக்கும் அவர், 2023-ல் மார்கோனி பரிசும் பெற்றார்.

இன்றைய 4ஜி டவர்களும் போன்களும், தொலைந்த துண்டுகளைத் தங்களுக்குள்ளேயே மறுபடி அனுப்பிச் சரிசெய்துகொள்கின்றன. அதனால் முன்பு போல எல்லாத் தடுமாற்றமும் இணையத்தின் காதுக்குப் போவதில்லை. ஆனால், சிக்னல் ரொம்பவும் மெலிந்தால் இந்த ஒட்டுவேலையும் தோற்றுப்போகும், தாமதம் கூடும்.

தொலைந்ததைப் பார்க்காதே, வேகத்தை அளந்து பார்!

2016-ல் கூகுள் குழு ஒன்று வேறு வழியில் யோசித்தது. குழுவில் அதே வேன் ஜேக்கப்சனும் இருந்தார். ‘பாக்கெட் தொலைந்ததா’ என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ‘இந்தப் பாதையில் உண்மையில் எவ்வளவு வேகத்தில் போய்ச் சேருகிறது, போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது’ என்பதை நேரடியாக அளந்து, அதற்கேற்ப அனுப்புவது. பெயர் ‘பி.பி.ஆர்’.

அந்தக் குழு வெளியிட்ட ஒப்பீட்டில், பரவலாகப் பயன்பாட்டில் இருக்கும் ‘க்யூபிக்’ என்ற முறை, 1,000-ல் ஒரு பாக்கெட் தொலைந்தாலே வேகத்தில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பி.பி.ஆர், 100-ல் 5 தொலைந்தும் அசரவில்லை. ஆனால், குறையும் உண்டு. ஒரே பாதையைப் பகிரும்போது, அதன் முதல் வடிவம் மற்ற முறைகளின் பங்கையும் சாப்பிட்டுவிடுகிறது என்ற விமர்சனம் வந்தது. அடுத்தடுத்த வடிவங்கள் அதைச் சரிசெய்யத்தான் வந்தன.

நெரிசலையும் இழப்பையும் பிரித்துச் சொல்ல இன்னொரு வழியும் இருக்கிறது. கே.கே.ராமகிருஷ்ணன், சாலி ஃபிளாய்ட், டேவிட் பிளாக் மூவரும் 2001-ல் எழுதிய விதிமுறை அது. வழியில் கூட்டம் சேர ஆரம்பித்தால், பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல், அதன்மேல் ஓர் அடையாளம் மட்டும் போட்டு அனுப்புவது. ‘வாசலில் வரிசை நீளுது, கொஞ்சம் மெதுவா அனுப்பு’ என்று டிரைவரிடமே சீட்டு கொடுத்து அனுப்புவது போல.

அடுத்தது ‘க்விக்’. 2021 மே மாதம் இதற்கான விதிமுறையைத் தொகுத்து வெளியிட்டவர்கள் ஜனா ஐயங்கார், மார்ட்டின் தாம்சன். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறுந்துபோகாமல் தொடர இதில் வழி உண்டு. ஒரு துண்டு தொலைந்தால், பக்கத்தின் மற்ற பகுதிகள் அதற்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை.

முடிவு யார் கையில்?

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, எவ்வளவு வேகமாக அனுப்புவது என்று முடிவெடுப்பது உங்கள் போன் அல்ல, அந்த சர்வர். படம் ஏற்றும்போது மட்டும்தான் போன். எனவே, எந்த முறையைப் பயன்படுத்துவது என்ற தேர்வு பெரும்பாலும் மலையில் இருப்பவர் கையில் இல்லை; இணையதளத்தை நடத்துகிறவர் கையில் இருக்கிறது.

சேவைகள் ஒவ்வொன்றாக போனுக்குள் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் இது சின்ன விஷயமல்ல. 2023 ஜனவரி 1 முதல், நூறு நாள் வேலைத் தளங்களின் வருகைப் பதிவே புகைப்படத்துடன் ஆப் வழியாக என்று ஆக்கப்பட்டது. உதவித்தொகை, கல்லூரி விண்ணப்பம், சான்றிதழ் என எல்லாவற்றுக்கும் ‘பதிவேற்றுக’ பொத்தான்தான். அந்தப் பொத்தான் கள்ளக்குறிச்சி டவுனில் ஒரு நொடியில் முடிவதும், மலையில் முடியாமலே போவதும் இரண்டு பிள்ளைகளுக்கு இடையிலான வித்தியாசமாக ஆகிவிடக் கூடாது.

டவர் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. இணைப்பு எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக, 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆனால், டவர் என்பது பாதி வேலை. மீதிப் பாதி, மலையை மனதில் வைத்து இணையதளம் கட்டுவது. நின்ற இடத்திலிருந்தே தொடரும் பதிவேற்றம், சீக்கிரம் ‘டைம் அவுட்’ ஆகாத பக்கம், பெரிய படத்தை போனிலேயே சுருக்கிக்கொள்ளும் வசதி, முடிந்ததும் எஸ்.எம்.எஸ்-ஸில் ஒரு ரசீது எண். இவற்றுக்கு மலையில் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டியதில்லை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை

* நெரிசலா, இழப்பா? ஒரே இடத்தில் விடியற்காலை வேகமாகவும் இரவு 8 மணிக்கு மெதுவாகவும் இருந்தால், அது பெரும்பாலும் நெரிசல், நேரத்தை மாற்றுங்கள். எந்த நேரமும் மெதுவென்றால், சிக்னல் பிரச்னையாக இருக்க வாய்ப்பு அதிகம், இடத்தை மாற்றுங்கள். கோடு என்பது சிக்னலின் பலம் மட்டுமே. டவருக்குப் பின்னால் உள்ள பாதையின் அகலத்தை அது காட்டாது.

* சிக்னல் திரும்பியும் பக்கம் திறக்கவில்லையா? காத்திருக்காமல் ரீஃப்ரெஷ் செய்யுங்கள். அல்லது ஏரோபிளேன் மோடை 10 நொடி போட்டு எடுங்கள். புது இணைப்பு தொடங்கும், பழைய காத்திருப்புக் கணக்கு போய்விடும். பணம் அனுப்பும்போதும், படம் ஏறிக்கொண்டிருக்கும்போதும் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

* படத்தைச் சுருக்குங்கள். நொடிக்கு 0.7 மெகாபிட் கிடைக்கும் இடத்தில், 4 எம்.பி படம் ஏற சுமார் 45 நொடி ஆகும். 200 கே.பி படத்துக்கு இரண்டே கால் நொடி. சிக்னல் 20 நொடிதான் நிற்கிறது என்றால், எது போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

* ஒரு நேரத்தில் ஒரு வேலை. வாட்ஸ்அப் ஆட்டோ டவுன்லோடு, ஆப் அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஏற்றுங்கள்.

* பணம் அனுப்பும்போது திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். 1986-ல் கணினிகள் செய்த தப்பு அதுதான். முதலில் கணக்கு விவரத்தைப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். இணையம் இல்லாமலே, வங்கியில் பதிவான எண்ணிலிருந்து *99# அழைத்தும் யு.பி.ஐ வசதியைப் பயன்படுத்தலாம்.

* கடைசி நாள் வரை வைக்காதீர்கள். அன்றைக்கு மலையில் இழப்பும் இருக்கும், சர்வர் வாசலில் நெரிசலும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் எந்த முறையும் காப்பாற்றாது.

பாறைமேல் இருக்கும் மகளிடம் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார், “போயிடுச்சாடி?” என்று. ரசீது வராததற்குக் காரணம் அந்தப் பெண் அல்ல, அவள் போனும் அல்ல. ‘தொலைந்தால் கூட்டம்தான்’ என்று கம்பிக் காலத்தில் போட்ட கணக்கு. அதைத் திருத்தும் வழிகள் கண்டுபிடித்து வருடக்கணக்கில் ஆகிவிட்டன. அவற்றை அந்தப் பாறை வரை கொண்டுபோவதுதான் பாக்கி.